குதிரையை முதலில் எடுப்பவள்

சதுரங்கத்தில் என் முதல் நகர்வு எப்போதும் ஒன்றுதான். ராஜா பக்கத்துக் குதிரையைத் தூக்கிச் சிப்பாய் வரிசையைத் தாண்டி வைப்பேன். வெள்ளைக் காயானாலும் கறுப்புக் காயானாலும் அதேதான். கூட ஆடுகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, வா ஒரு கை பார்க்கலாம் என்று ஆரம்பிப்பதுதான் ஆட்டம் என்பது அவர்கள் நினைப்பு. நினைத்துவிட்டுப் போகட்டும்.

சிப்பாயைத் தள்ளினால் தள்ளியதுதான், பின்னால் வராது. அடடா அவசரப்பட்டுவிட்டோமே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாலும் அது அங்கேயேதான் நிற்கும். குதிரை அப்படியில்லை. மூன்றாவது வரிசையில் போய் நின்றுகொண்டு நடுக் கட்டங்களை ஒரு கண் பார்த்துக்கொள்ளும். எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு, எந்தச் சிப்பாயைத் தள்ளுவது, மந்திரியை எந்தப் பக்கமாக வெளியே விடுவது என்றெல்லாம் பிறகு முடிவு செய்யலாம். ஒன்றும் சரிப்படவில்லையென்றால் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பிவிடலாம். ஒரு நகர்வு வீணாகும், அவ்வளவுதானே. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இதை எனக்குச் சொல்லித் தந்தது சதுரங்கம் இல்லை, என் கல்யாணம்.

அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போன வீட்டில், முடிவாகாமல் கை நனைக்க மாட்டார்கள். காப்பியும் பலகாரமும் எவ்வளவு வேண்டுமானாலும் ஆகலாம். இலை போட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் பேச்சே கிடையாது. என்னைப் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார்கள். என் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, சமையற்கட்டுப் பக்கம் திரும்பி இலை போடச் சொல்லிவிட்டார். உள்ளே நான் சேலை மடிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் எல்லோரும் ரசத்துக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை யார் என்று வரிசையில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மோரும் வந்துவிட்டது.

அந்த மனிதரைப் பற்றி ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதுவதற்கு ஒன்றும் இல்லை என்பதே அந்தக் கல்யாணத்தின் கோளாறு. சில வருஷம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம், பிறகு கோர்ட்டில் போய்ப் பிரிந்தோம். நான் கோயமுத்தூருக்கு வந்து காந்திபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கண் பரிசோதனை செய்கிற வேலை. இன்றைக்கும் அதே வேலைதான், கடை மட்டும் மாறிவிட்டது. ஒரு லென்ஸைப் போட்டு, இன்னொன்றைப் போட்டு, இது தெளிவா இருக்குதுங்களா, அதுங்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவர்களை முடிவு சொல்ல வைப்பது என் பிழைப்பு. கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

வடவள்ளியில் ஓர் அடுக்ககத்தில் தனியாக இருக்கிறேன். ஐம்பதைத் தாண்டியாயிற்று. வேலை நாட்களில் ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு ஆகாது. காலையிலிருந்தே எதிர்வீட்டில் தேங்காய் துருவுவார்கள், மேல்வீட்டில் நாற்காலிகளை இழுப்பார்கள், யாராவது யாரையாவது சாப்பிடக் கூப்பிடுவார்கள். என் குக்கரில் ஒரு ஆளுக்கு வைத்தால் அடிப்பிடிக்கும், இரண்டு ஆளுக்கு வைத்தால் மறுநாளும் அதையே தின்ன வேண்டும். மாடிப்படியில் பார்க்கிறவர்கள் சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நின்று கேட்டால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் செல்போனில் சதுரங்கம் ஆடக் கற்றுக்கொண்டேன். யாரோ, எந்த ஊரோ, முகமில்லாதவர்கள். ஜெயித்தாலும் ஒன்றுதான், தோற்றாலும் ஒன்றுதான். ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஓரத்துப் பெஞ்சுகளில் ஞாயிறு காலையில் சிலர் பலகை விரித்து ஆடுகிறார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். பயிற்சிக்கு வந்த பிள்ளைகளும், அவர்களைக் கூட்டி வந்த அப்பாக்களும்தான் பாதிப்பேர். என் வயதில் ஒரு பெண் காயை எடுத்து வைத்ததை எல்லோரும் மரியாதையாகப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். நான் பாட்டுக்கு என் குதிரையைத் தூக்கி வைத்தேன்.

அவர் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது சில வாரங்களுக்குப் பிறகு. காட்டூரில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார். விரல் நகங்களில் வார்னிஷ் கறை. என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவராக இருக்கலாம். நீங்க ஆரம்பிங்க என்றார். இல்லீங்க, நீங்களே ஆரம்பிங்க என்றேன். எங்கள் ஊர் மரியாதை தெரியுமே, அதற்கே பாதி நேரம் போயிற்று. கடைசியில் நான்தான் வெள்ளை. குதிரையை எடுத்து வைத்தேன். அவரும் குதிரையை எடுத்து வைத்தார். நான் இன்னொரு குதிரையை வைத்தேன். அவரும் இன்னொன்றை வைத்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பு. சரி, இது நம் சாதி ஆட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதங்கள் போகப் போக எங்களுக்குள் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. யார் முதலில் சிப்பாயைத் தொடுவது? குதிரைகள் நான்கும் வெளியே வந்தபின், நான் யானையைப் பக்கத்துக் கட்டத்துக்கு ஒரு அடி நகர்த்துவேன், அவரும் நகர்த்துவார். ஒரு நாள் நான் வெளியே வைத்த குதிரையை அடுத்த நகர்விலேயே வீட்டுக்குத் திருப்பினேன். அவரும் திருப்பினார். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. ஒரே நிலை மூன்று தடவை வந்துவிட்டால் ஆட்டம் டிரா. பக்கத்துப் பெஞ்சில் இருந்த பயிற்சியாளர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பதினாறு சிப்பாய்களும் வைத்தது வைத்தபடி நின்றன.

"இப்பிடியே ஆடுனா நாம ரெண்டு பேரும் தோக்கவே மாட்டமுங்க" என்றார் அவர்.

அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பக்கத்து இருக்கை அம்மா ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். எத்தனையோ காலத்துக்குப் பிறகு எனக்கும் சேர்த்து ஒருவர் 'நாம' என்று சொல்லியிருந்தார்.

அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இடையிடையே சிந்தியதுதான். மனைவி காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. ஒரே மகளைக் கோபிசெட்டிபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். சமைக்கத் தெரியும், ஆனால் தனக்காகச் சமைக்கப் பிடிக்காது. என்னைப் பற்றி அவரும் இந்த அளவுக்குத் தெரிந்துகொண்டிருப்பார். வியாழக்கிழமை வந்தாலே எனக்கு ஞாயிறு நினைப்பு வந்துவிடும். எனக்கு ஆகாமல் இருந்த அதே ஞாயிறு! ஒரு வாரம் பட்டறை வேலையாக அவர் வரவில்லை. பலகையைப் பிரிக்காமலே திரும்பி வந்து, செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் எனக்கே நன்றாகத் தெரிந்தது. இந்த மனிதரோடு மிச்ச நாளை இருந்துவிட வேண்டும். ஒரே வீட்டில், ஒரே குக்கரில், இரண்டு ஆளுக்கு அளந்து. அவருக்கும் அந்த நினைப்புத்தான் என்பது அவர் என் பக்கம் பலகையைத் திருப்பி வைக்கிற விதத்திலேயே தெரியும். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் பாக்கி. நான் திறக்க மாட்டேன். அவரும் லேசில் திறக்கிற ஆள் இல்லை. "உங்க சிப்பாயெல்லாம் பென்சன் வாங்கற வரைக்கும் நின்ன எடத்துலயே நிக்குமாட்ட இருக்குதுங்க" என்று மட்டும் ஒரு நாள் சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திறந்தது அவர்தான். மாசி மாத வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. காய்களை டப்பாவில் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பொண்ணு ஊட்டுக்கு ஒருக்கா போய்ட்டு வரலாமுங்களா என்று கேட்டார். போலாமுங்க என்று சொன்னேன். ஒரு ஆண் தன் மகள் வீட்டுக்கு ஒரு பெண்ணைச் சும்மா வாழைத்தோட்டம் காட்டவா கூட்டிப் போவான்?

அவருடைய பழைய காரில் போனோம். அவிநாசி தாண்டி, நம்பியூர் வழியாக. வழியெல்லாம் அவர் காரைப் பற்றியே பேசினார். கிளட்ச் போன கதை, ரேடியேட்டர் ஒழுகின கதை. நான் ஆமாங்க, அப்படீங்களா என்று கேட்டுக்கொண்டு வந்தேன். கோபி நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் நெல்வயல் பச்சையாக விரிந்தது. எனக்குக் கண்ணில் ஒன்றும் ஏறவில்லை.

மகள் வாசலுக்கே வந்து வாங்க என்றாள். மருமகன் வாங்க என்றார். மகளின் மாமியார் கூடத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, தலையிலிருந்து கால்வரை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்புறம் வாங்க என்றார். உட்கார்ந்தோம். வீடு முழுக்க ஒப்பிட்டு வாசனை, போளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பெண் விடியற்காலையிலேயே எழுந்து பருப்பை வேகவைத்து, வெல்லம் போட்டு அரைத்து, தட்டி எடுத்திருக்கிறாள் என்று தெரிந்தது. மாமியார் என்னிடம் நான்கு கேள்வி கேட்டார், நான்குக்கும் பதில் தெரிந்தே கேட்டார். பேச்சு வளரவில்லை. அதற்குள் மகள் உள்ளேயிருந்து வந்து, ஈரத் துணியால் துடைத்த தலைவாழை இலையை எனக்கு முன்னால் விரித்துவிட்டாள். அவருக்குப் பக்கத்தில், ஜோடியாக.

எனக்கு அந்த இலையைப் பார்த்ததும் அப்பா வீட்டுக் கூடம் வந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் இலை. இதில் ஒரு வாய் வைத்தால் முடிந்தது. இந்த மனிதர் வேண்டும்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் இன்றைக்கேவா? வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாள் உட்கார்ந்து, ஆமாம் என்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டாமா? போன தடவைதான் அதற்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

"வயிறு செரியில்லீங்க. கொஞ்சம் மோர் மட்டும் போதுமுங்க" என்றேன்.

அந்தப் பெண் இலையைக் குனிந்து எடுத்தாள். ஒன்றும் பரிமாறாத இலையை எப்படி மடிப்பது என்று ஒரு நொடி அவளுக்குத் தெரியவில்லை. பிறகு சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமியார் மின்விசிறியைப் பார்த்தார். மோர் வந்தது. குடித்தேன். அவருக்கு மட்டும் எப்படிப் பரிமாறுவது, அவரும் மோரே குடித்தார்.

என்னைக் கேட்டால், நான் முடியாது என்று சொல்லவே இல்லை. முடிவாகாமல் கை நனைப்பதில்லை என்பதுதானே வழக்கம்? இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான். குதிரையை வெளியே எடுத்து வைத்துவிட்டேன், மிச்சம் அப்புறம். எனக்குள் அது அவ்வளவு தெளிவாக இருந்தது. அதனால் காரில் ஏறினதும் மனசு லேசாகி, கூடவே அகோரப் பசியும் எடுத்துவிட்டது. காலையிலிருந்து பதற்றத்தில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அவிநாசியில் ஒரு பேக்கரி முன்னால் அவர் காரை நிறுத்தி, டீ குடிக்கலாமுங்களா என்று கேட்டார். குடிக்கலாமுங்க என்று இறங்கினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக முட்டை பப்ஸ் வைத்திருந்தார்கள். ஒன்று தின்றேன். அருமையாக இருந்தது. தேங்காய் பன் ஒன்றும் கேட்டு வாங்கி, டீயில் நனைத்துத் தின்றேன். வழித்துத் தின்றேன் என்றே சொல்லலாம். இடையில் ஏதோ தோன்றி நிமிர்ந்தேன். அவர் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீ குறையவில்லை. முகத்தில் கோபமும் இல்லை.

இன்னொரு பன்னு சொல்லட்டுங்களா என்று கேட்டார்.

மிச்சமிருந்த பன்னைத் தட்டில் வைத்தேன். என்னத்தைச் சொல்ல? வயிறு சரியாகிவிட்டது என்றா? வேண்டாமுங்க என்றேன். அங்கிருந்து கோயமுத்தூர் வரைக்கும் அவர் காரைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

மறு ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா என்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காய் அவர் கைக்குப் போனதும் ராஜா முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். என் குதிரை வெளியே வந்தால் அடுத்த சிப்பாயைத் தள்ளி அதை விரட்டினார். அது வேறு கட்டத்துக்குத் தாவினால் அங்கேயும் ஒரு சிப்பாய். நடுப்பலகை முழுக்க அவர் ஆட்கள். என் பக்கம் திரும்பிப் பார்த்தால் இருக்கிற சிப்பாய்கள் எல்லாம் பிறந்த இடத்திலேயே நின்றுகொண்டு என் முகத்தைப் பார்த்தன. சீக்கிரமே தோற்றேன். இன்னொரு ஆட்டம் ஆடலாமுங்களா என்று நான் கேட்டால், பட்டறையில வேலை கெடக்குதுங்க என்று எழுந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பட்டறையில் வேலை கிடக்கும்?

பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வரத் தொடங்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்டால் என்னவாம்? ஏன் சாப்பிடவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே! கேட்க மாட்டார். கேட்டால் நான் சங்கடப்படுவேனாம். இந்த ஊரில் அடுத்தவர் சங்கடப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே ஆளைக் கொன்றுவிடுவார்கள். கடையில் லென்ஸை மாற்றிப் போடும்போதெல்லாம் அந்தக் கேள்வி என் வாயிலிருந்து தானாக வந்துகொண்டிருந்தது, இதுங்களா, அதுங்களா, இதுங்களா, அதுங்களா. ஒரு பெரியவர், எதுன்னாலும் செரீங்க, குடுங்க சாமி என்று சலித்துக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் தீர்மானித்தேன். இவரை விட்டால் எனக்கு யாரும் இல்லை. எனக்கு வேண்டும் என்று என் வாயாலேயே கேட்டுவிடுவது.

ஞாயிறு அவருக்கு முன்னால் போய்க் காய்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தேன். வந்தார், உட்கார்ந்தார், காயில் கை வைக்கப் போனார்.

"சித்தெ இருங்க" என்றேன். "எனக்கு உங்களோட இருக்கோணுமுங்க. அன்னைக்கு உங்க பொண்ணு ஊட்டுல சாப்புடாதது, வேண்டாம்னு இல்லீங்க. பயந்துபோட்டேன்."

வாழ்க்கையில் நான் நேராகச் சொன்னது அது ஒன்றுதான். சொல்லி முடித்ததும் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. நடைபாதையில் போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன், அது சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

"அந்த இலையப் போடறதுக்கு எம்பொண்ணு அவ மாமியாகிட்ட எத்தன கெஞ்சியிருப்பான்னு உங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். "அப்பனுக்கு இன்னொரு கல்யாணம்னு புகுந்த ஊட்டுல பேசறது சும்மாங்களா? நீங்க மோர் போதும்னுட்டீங்க. இன்னைக்கும் அவளுக்கு அந்த ஊட்டுல குத்திக்காட்டுத்தானுங்க. மறுக்கா அந்தப் பேச்ச நான் எடுக்கறதுக்கில்லீங்க."

அன்றைக்கு நான் அவரைப் பார்த்தேன், என்னைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த இலையைப் பார்த்தேன். அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. தான் வாழ்கிற வீட்டில், தன் மாமியார் கண் முன்னால், தாயின் இடத்தில் இன்னொருத்திக்கு இலை போட்டவள் அவள். அவளால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"ஆட்டத்துக்கு எப்பவும்போல வாரனுங்க. அதுல ஒண்ணுமில்லீங்க" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

வாரத்துக்கு ஒரு நாள். எதிரில் உட்கார்ந்து, நல்லா இருக்கறீங்களா என்று கேட்டு, காய் நகர்த்தி, எழுந்து போவதற்கு. இது போதும், இதையாவது பிடித்துக்கொள் என்று ஒரு மனசு சொல்லியது. ஆனால் நெஞ்சு அப்படிக் கொதித்தது.

"வேண்டாமுங்க" என்றேன். "இனி வராதீங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார். வாயெடுத்துத் தடுப்பார், அதெப்படீங்க என்று ஒரு வார்த்தையாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"செரீங்க" என்றார்.

எழுந்தார். பயிற்சியாளரிடம் போய் வாரனுங்க என்றார். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் வாரேன் கண்ணு என்றார். சைக்கிளில் டீ விற்கிறவரிடமும் சொன்னார். திரும்பி என் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது ஒரு கணம் நின்றார். பிறகு வாரனுங்க என்று சொல்லாமலே போனார். எங்கள் பக்கம் சாவு வீட்டிலிருந்துதான் அப்படிக் கிளம்புவோம்.